ரமளான் முடிந்ததும் தொழுகை விடுபடுகிறது: இரண்டாம் ஷிஃப்டில் ஐந்து வக்தையும் (வேளைத் தொழுகையையும்) நிலையாக்குவது எப்படி?

கேட்டவர்: நாகூர்_தென்றல்

அஸ்ஸலாமு அலைக்கும். வேலை சென்னை ஓ.எம்.ஆரில், மதியம் 2 முதல் இரவு 11 வரை. வீடு வந்து சேர நள்ளிரவு. ரமளானில் ஐந்து வக்தும் ஒழுங்காக நடக்கிறது. பெருநாள் கழிந்தால் முதலில் சுபுஹு (அதிகாலை) போகிறது, அடுத்து அஸர் (பிற்பகல்), பிறகு இஷா (இரவு). மத்ஹப் (பின்பற்றும் சட்டப்பள்ளி) ஷாஃபி.

1. ஒரு வக்தில் தொடங்கி மெல்ல மெல்ல ஐந்துக்கு வரலாமா?
2. ஆபீஸில் கை கழுவும் பேசின் மட்டும்தான். ஒளுவில் (தொழுகைக்கு முன் கழுவிச் சுத்தமாவதில்) காலைக் கழுவுவது எப்படி?
3. பழைய களா (விடுபட்டுப் பிறகு தொழ வேண்டியவை) சில வருடங்களுக்கு இருக்கிறது. அதை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. எங்கே தொடங்குவது?

பதில்: காயல்_கரை

வ அலைக்கும் ஸலாம் தம்பி.

முதல் கேள்விக்கு முதலில். "இந்த மாதம் மஃரிப் (சூரியன் மறைந்ததும் தொழுவது) மட்டும், அடுத்த மாதம் இஷா" என்று போவதற்கு இடமில்லை. ஐந்தும் ஃபர்ளு (கட்டாயக் கடமை), முதல் நாளிலிருந்தே. படிப்படியாகக் கூட்ட வேண்டியவை வேறு: சுன்னத்துகள் (கூடுதல் தொழுகைகள்), நீண்ட சூராக்கள் (குர்ஆன் அத்தியாயங்கள்), தொழுகைக்குப் பிந்திய திக்ரு (இறைநினைவு), ஐந்து வக்துக்கும் ஜமாஅத்து (கூட்டுத் தொழுகை). பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். உற்சாகத்தில் முதல் வாரமே தஹஜ்ஜுத் (பின்னிரவுத் தொழுகை), ளுஹா (முற்பகல் தொழுகை), முன்பின் சுன்னத்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்வார்கள். மூன்றாம் வாரம் உடம்பு மறுக்கும்போது சுன்னத்தோடு ஃபர்ளும் சேர்ந்து போய்விடும். ஒரு நாளின் ஃபர்ளு 17 ரக்அத்து (தொழுகையின் சுற்று) மட்டும்தான். நான்கு ரக்அத்தைச் சிறிய சூராக்களோடு நிதானமாகத் தொழ ஏழெட்டு நிமிடம் போதும். இந்த 17 அசையாமல் நின்ற பிறகு சுபுஹின் முன் சுன்னத்து இரண்டைச் சேருங்கள், அதன்பின் மற்றவை. அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான அமல் குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்வதே என்ற ஹதீஸ் புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு தொகுப்பிலும் இருக்கிறது.

ரமளானில் ஏன் நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சுபுஹுக்கு ஸஹர் (விடியும் முன் உண்பது), மஃரிபுக்கு நோன்பு திறப்பது, இஷாவுக்குத் தராவீஹ் (ரமளான் இரவுத் தொழுகை) என்று ஒவ்வொரு வக்தையும் ஏதோ ஒன்று தாங்கிப் பிடிக்கிறது. பெருநாளோடு அவை எல்லாம் விலகிவிடும். உங்கள் ஈமான் குறைந்துபோனதாக நினைத்து மனம் தளர வேண்டாம். ஒவ்வொரு வக்துக்கும் வேறொரு தாங்கல் வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் ஷிஃப்டுக்கு:

லுஹர் (நண்பகல்) சுலபம். சென்னையில் வருடம் முழுக்க சுமார் 11:55க்கும் 12:25க்கும் இடையில் வக்து நுழைந்துவிடும். வீட்டிலேயே தொழுதுவிட்டுக் கிளம்புங்கள்.

அஸர் ஷாஃபி கணக்கில் மூன்று மணியை ஒட்டியோ சற்றுப் பிந்தியோ நுழைகிறது. ஹனஃபி (இன்னொரு மத்ஹப்) கணக்கில் அதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து. அது நழுவக் காரணம், வக்து நீளமாக இருப்பதுதான். "இன்னும் நேரம் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே இருக்கும்போது சூரியன் மஞ்சளாகி மக்ரூஹ் (வெறுக்கத்தக்க) நேரம் வந்துவிடும். மாலை டீ இடைவேளையோடு அதைக் கட்டுங்கள். தொழுகை முதலில், டீ பிறகு. வரிசை மாறினால் இடைவேளை பேச்சிலேயே முடிந்துவிடும்.

மஃரிபுக்குச் சுமார் 75 நிமிடம்தான். அந்த நேரத்தில் தினமும் மீட்டிங் விழுந்தால், மேலாளரிடம் முன்கூட்டியே 15 நிமிடம் கேட்டு காலண்டரில் அடைத்துவிடுங்கள். தினம் தினம் அனுமதி கேட்பது நிலைக்காது.

இஷாவை வீட்டுக்கு ஒத்திவைக்காதீர்கள். நள்ளிரவில் வந்து கட்டிலில் "ஐந்து நிமிடம்" உட்கார்ந்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரவு உணவு இடைவேளையில், சாப்பிடும் முன் முடித்துவிடுங்கள்.

சுபுஹில்தான் எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறார்கள்: வருடம் முழுவதற்கும் ஒரே அலாரம். சென்னையில் ஜனவரி இறுதியில் சூரிய உதயம் சுமார் 6:35, ஜூன் தொடக்கத்தில் சுமார் 5:42. ஜனவரியில் 5:45க்கு வைத்த அலாரம் ஜூனில் அடிக்கும்போது சூரியன் வந்திருக்கும். உதயத்துக்கு 45 நிமிடம் முன்பு என்று கணக்கு வைத்து மாதம் ஒருமுறை மாற்றுங்கள். போன் எட்டாத தூரத்தில், முடிந்தால் ஒளு செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். 12:30க்குப் படுத்து சுபுஹுக்கு எழுந்தால் தூக்கம் சுமார் ஐந்து மணி நேரம்தான். ஆகவே சூரியன் உதித்தபின் மறுபடி இரண்டு மூன்று மணி நேரம் உறங்குங்கள். இந்த இரண்டாம் தூக்கத்தைத் திட்டத்தில் சேர்க்காதவர்கள் பத்து நாளுக்குமேல் தாக்குப்பிடிப்பதில்லை.

ஒரு வக்து தவறிவிட்டால், "இன்றைய நாள் போச்சு, நாளையிலிருந்து பார்ப்போம்" என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். தவறியதை நினைவு வந்ததும் களாச் செய்துவிட்டு, அடுத்த வக்தை அதன் நேரத்தில் பிடியுங்கள்.

பதில்: திண்டுக்கல்_ராவுத்தர்

காயல் பாய் சொன்னதோடு இரண்டு சேர்க்கிறேன்.

செயலி. பாங்கு அறிவிப்பு வராமல் போவதற்குப் பெரும்பாலும் போனின் பேட்டரி சேமிப்புதான் காரணம். அந்தச் செயலிக்கு மட்டும் அதை நீக்குங்கள். கணக்கீட்டு முறையில் கராச்சி முறை, அதாவது சுபுஹுக்கும் இஷாவுக்கும் சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகை, இருக்கிறதா என்று பாருங்கள். வட அமெரிக்க முறையின் 15 பாகையில் கிடந்தால் சுபுஹு சுமார் 13 நிமிடம் தாமதமாகக் காட்டும், இஷா அதே அளவு முன்னதாகக் காட்டும். இஷாவில் இது ஆபத்து, வக்து நுழையும் முன்பே தொழுதுவிடுவீர்கள். உங்கள் பள்ளிவாசல் ஜமாஅத்து வெளியிடும் கால அட்டவணையோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் கிப்லா (தொழும் திசை) மேற்கிலிருந்து சுமார் 18 பாகை வடக்கே. லிஃப்ட், இரும்புத் தூண் பக்கத்தில் போன் திசைகாட்டி பிசகும். வெளியே ஒருமுறை பார்த்து, எந்தச் சுவருக்கு எந்தச் சாய்வு என்று குறித்துவைத்தால் போதும்.

கால் கழுவ: தோல் காலுறை. பஞ்சு சாக்ஸ் ஷாஃபி, ஹனஃபி இரண்டு மத்ஹபிலும் ஆகாது. கரண்டைக்கால் வரை மூட வேண்டும், தண்ணீர் உள்ளே ஊறக் கூடாது. லுஹருக்கு வீட்டில் கால் கழுவி முழு ஒளு செய்து, பிறகே அணியுங்கள். ஒளு முறிந்தால் ஆபீஸ் பேசினில் முகம், கை கழுவி, தலைக்கு மஸ்ஹு செய்து (ஈரக்கையால் தடவி), காலுறையின் மேல்பக்கம் ஈரக்கையால் தடவினால் முடிந்தது. தரையும் நனையாது. இப்படித் தடவுவது ஊரில் இருப்பவருக்கு 24 மணி நேரம் வரை, பயணிக்கு 72. கணக்கு தொடங்குவது அணிந்த நேரத்திலிருந்து அல்ல, அணிந்தபின் முதல் தடவை ஒளு முறிந்த நேரத்திலிருந்து. இடையில் கழற்றினால் காலைக் கழுவியே ஆக வேண்டும்.

காலுறை இல்லாத நாளில் ஒரு லிட்டர் பாட்டில் போதும். நபி (ஸல்) ஒரு முத்து (பழங்கால முகத்தல் அளவை) அளவு நீரில் ஒளு செய்ததாக ஹதீஸ் இருக்கிறது. அது முக்கால் லிட்டருக்கும் குறைவு.

நாகூர்_தென்றல்:

ஜஸாகுமுல்லாஹு கைரன். தோல் காலுறை யோசனையே வந்ததில்லை. களா பற்றி யாராவது சொல்லுங்கள்.

பதில்: காயல்_கரை

பருவமடைந்த நாளிலிருந்து விடுபட்டதை உத்தேசமாகக் கணக்கிட்டு, சந்தேகம் இருந்தால் கூடுதல் பக்கம் சாயுங்கள். ஒரு சந்திர வருடம் 354 நாள், அதாவது 1,770 தொழுகைகள். ஒவ்வொரு ஃபர்ளோடும் அதே வக்தின் களா ஒன்று தொழுதால் ஒரு வருடத்தில் ஒரு வருடக் களா தீரும். நிய்யத்தில் (மனதில் கொள்ளும் எண்ணத்தில்) தேதி வேண்டியதில்லை, "என்மீதுள்ள லுஹர் களா" என்றால் போதும். ஒரு நோட்டில் ஐந்து பத்தி போட்டுக் கோடு கிழித்து வாருங்கள். ஷாஃபி மத்ஹபில் காரணமின்றி விட்ட களாவை உடனே தீர்ப்பது கடமை. அதனால் சுன்னத்துக்கு நேரம் கிடைத்தால் அதையும் களாவுக்கே கொடுங்கள். வேண்டுமென்று விட்டதற்கு களா கிடையாது, தவ்பாவும் (பாவமன்னிப்புக் கேட்பது) நஃபிலும்தான் (உபரித் தொழுகை) என்று அறிஞர் இப்னு தைமிய்யாவின் கருத்தைப் பின்பற்றுவோரும் உண்டு. நான்கு மத்ஹபின் நிலைப்பாடு களாச் செய்ய வேண்டும் என்பதே.

பதில்: திண்டுக்கல்_ராவுத்தர்

இதைப் படிக்கும் ஹனஃபிகளுக்கு: நிலுவை ஆறு வக்துக்குக் குறைவாக இருந்தால் வரிசை கடமை. சுபுஹு தவறியிருந்தால், நேரம் இருக்கும்போது அதைத் தொழாமல் லுஹரைத் தொழக் கூடாது. வித்ருக்கும் (இஷாவுக்குப் பின் தொழுவது) களா உண்டு. சுபுஹு தொழும்போதே சூரியன் உதித்துவிட்டால் நமக்கு அந்தத் தொழுகை முறிந்துவிடும், சூரியன் உயரும் வரை சுமார் 20 நிமிடம் காத்திருந்து களாச் செய்ய வேண்டும். ஷாஃபியில் உதயத்துக்கு முன் ஒரு ரக்அத்து கிடைத்திருந்தால் அதுவே வக்தில் தொழுததாகும்.

பதில்: உம்மு_ஹனா

பெண்களுக்கு இந்தப் பழக்கம் மாதவிடாயில்தான் அறுபடுகிறது. அந்த நாட்களின் தொழுகைக்குக் களா இல்லை, ஆனால் சுத்தமான பிறகு ஓரிரு வக்து சோம்பலில் போய்விடுகிறது. அந்த நாட்களிலும் பாங்கு சொன்னதும் வேலையை நிறுத்தி, தொழும் இடத்தில் உட்கார்ந்து தஸ்பீஹ் (இறைத்துதி) ஓதுங்கள். ஹனஃபி நூல்கள் இதை முஸ்தஹப்பு (விரும்பத்தக்கது) என்கின்றன. அலாரத்தை அணைக்க வேண்டாம்.

ஷாஃபி சகோதரிகள் கவனிக்க: அஸர் வக்தில் சுத்தமானால் லுஹரும் கடமையாகும், இஷா வக்தில் என்றால் மஃரிபும். வக்து நுழைந்து, தொழும் அளவு நேரம் கடந்தபின் மாதவிடாய் தொடங்கினால் அந்த ஒரு வக்தைப் பிறகு களாச் செய்ய வேண்டும். ஹனஃபியில் இவை இரண்டும் இல்லை. தொடங்கிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் மணியோடு குறித்துவைத்தால் உங்கள் ஊர் ஆலிமாவிடம் (மார்க்கம் கற்ற பெண்ணிடம்) கேட்பதும் எளிது.