டிம்பிளுக்கும் கவுண்டர்சிங்குக்கும் ஒரே "குழி"யா?

> டிம்பிள், கவுண்டர்சிங்க் இரண்டுக்கும் "குழி" போதும். வேண்டுமானால் "அமுக்குக் குழி", "வெட்டுக் குழி" என்று பிரித்துக்கொள்ளலாம்.

வணக்கம். விமானம் கட்டுவோருக்கான நம் கையேட்டின் கலைச்சொல் பட்டியலுக்கு அது போதாது என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டு கராஜில் ஆர்வி-7 மாதிரி, வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் சிறு விமானத்துக்கு இறக்கை கட்டுகிறவர் கையாளும் அலுமினியத் தோல் 0.025, 0.032 அங்குலம், அதாவது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதில் ரிவிட்டின் தலை துருத்தாமல் சமமாக உட்கார வேண்டும். தடித்த உலோகம் என்றால் துளையின் வாயை 100 பாகைக் கூம்பாகச் சீவி எடுத்துவிடலாம், இதுதான் கவுண்டர்சிங்க். மெல்லிய தகட்டை அப்படிச் சீவினால் துளை அகன்று, விளிம்பு தேய்ந்து, ரிவிட் பிடித்துக்கொள்ள உலோகமே மிஞ்சாது. அதனால் அங்கே ஆண் அச்சுக்கும் பெண் அச்சுக்கும் நடுவில் தகட்டை வைத்து, சி வடிவச் சட்டத்தின் தலையில் சுத்தியலால் ஓங்கி ஒரு போடு. இதுதான் டிம்பிள். உலோகம் எங்கும் போகவில்லை, வளைந்து கொடுக்கிறது, அவ்வளவுதான்.

இந்த வேறுபாடு தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. வண்டு குடைகிறது, பாறையிலிருந்து கல்லை வெட்டி வெளியே எடுத்தால்தான் குடைவரை. எனவே கவுண்டர்சிங்க் = குடைவு, டிம்பிள் = குழிப்பு. கருவிகளுக்குக் குடைவலகு, குழிப்பச்சு என்று பெயர் தானாக வந்துவிடும்.

---

> டிம்பிள் = குழிப்பு

குழிப்பணியாரம் நினைவுக்கு வருகிறதே ஐயா! சரி, விளையாட்டு இருக்கட்டும். இரண்டும் "கு"வில் தொடங்குகின்றன, ஒரே வாக்கியத்தில் வந்தால் படிக்கிறவர் குழம்ப மாட்டாரா? பட்டறையில் எப்படியும் கவுண்டர்சிங்க் என்றுதான் சொல்லப் போகிறார்கள்.

---

> ஒரே வாக்கியத்தில் வந்தால்

வரத்தான் செய்யும். எரிபொருள் தொட்டியின் தோலை ஸ்பாரில் திருகிப் பிணைக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள் (ஸ்பார் என்பது இறக்கையின் நீளவாக்கில் ஓடும் முதன்மைத் தாங்கி; அதற்கு "உத்தரம்" என்று முன்பே ஒத்துக்கொண்டோம்). உத்தரத்தின் பட்டை தடிமன், அதைக் குடைய வேண்டும். தோல் மெல்லிசு, அதைக் குழிக்க வேண்டும். குழித்த தோல் குடைந்த உத்தரத்துக்குள் போய் உட்காரும். தோலின் அடிப்பக்கம் புடைத்திருப்பதற்கும் இடம் வேண்டும் என்பதால், வெறும் திருகுத் தலைக்குக் குடைவதைவிடச் சற்று ஆழமாகவே குடைய வேண்டும். இதையே "அமுக்குக் குழி வெட்டுக் குழிக்குள் உட்காரும்" என்று எழுதிப் பாருங்கள், எந்தக் குழி எதற்குள் என்று விரல் வைத்துத்தான் படிக்க வேண்டியிருக்கும். தோலும் விலாவும் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டம்) சேரும் இடத்தில் இந்தச் சிக்கல் இல்லை. இரண்டுமே மெல்லிசு, இரண்டையும் குழித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறோம்.

பட்டறையில் அவர்கள் விருப்பம்போல் சொல்லட்டும், நாம் எழுதுவது கையேட்டுக்கு. துளையிட்டதும் விளிம்பில் நீட்டி நிற்கும் உலோகத் துணுக்குக்கு "பிசிறு" மட்டும் பட்டறையிலிருந்தே நமக்கு வந்த சொல், அதில் கை வைக்காதீர்கள். பிசிறு எடுக்காமல் குழித்தால் துளையோரம் விரிசல் விடும் என்பதையும் விளக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், கிளிக்கோவுக்கு "கவ்வாணி" என்று பட்டியலில் பார்த்தேன். எனக்கு உடன்பாடில்லை. ஆணி அடித்த இடத்தில் நிற்பது; இதுவோ ரிவிட் அடிக்கும்வரை துளையில் நின்று தகடுகளைச் சேர்த்துப் பிடித்துவிட்டு, இடுக்கியால் அழுத்தியதும் கழன்று வந்துவிடும். அதுவும் கிளீவ்லாந்து நியூமாட்டிக் டூல் என்ற நிறுவனப் பெயரின் சுருக்கம்தான், கிளிக்கோ என்றே விட்டுவிடலாம்.