மேலத்தெரு வீடு: கோயில் கணக்கைக் காணவில்லை

பெரியப்பா (இரவு 7.40): கணினியில் கோயில் கணக்கைக் காணவில்லை. வீட்டுக்கு வீடு வாங்கும் தலைக்கட்டு வரியை யார் கொடுத்தார்கள், யார் பாக்கி என்று மூன்று வருடமாக எழுதி வைத்தது. நேற்று இருந்தது, இன்று பொது ஃபோல்டரில் இல்லை. கொடைத் திருவிழாவுக்கு 11 நாள்தான் இருக்கிறது.

சித்தி: மதியம் கதிர்தான் கணினியில் உட்கார்ந்திருந்தான்.

கதிர்: படம் ஏற்ற இடமில்லை என்று பத்துப் பதினைந்து கோப்புகளைச் சேர்த்து அழித்தேன். அதில் இதுவும் போயிருக்கும். தெரியாமல் செய்துவிட்டேன் பெரியப்பா.

நான்: கதிர், குப்பைத்தொட்டியைக் காலி செய்தாயா?

கதிர்: இல்லை அண்ணா.

நான்: நல்லவேளை. காலி செய்யாததால் இடமும் மிச்சமாகவில்லை, கோப்பும் போகவில்லை. உன் பெயரில் உள்ளே நுழைந்து தொட்டியைத் திற. அழித்தவருடைய தொட்டியில்தான் கிடக்கும். பெரியப்பா தன் பெயரில் நுழைந்து தேடினால் கிடைக்காது.

கதிர்: இருக்கிறது! மீட்டுவிட்டேன்.

பெரியப்பா (7.58): வந்துவிட்டது. 62 தலைக்கட்டும் அப்படியே இருக்கிறது. இப்போதுதான் மூச்சு வருகிறது. ஆனால் ஒன்று விளங்கவில்லை. நீ சொல்லித்தானே அதை 'படிக்க மட்டும்' என்று மாற்றினேன்? பூட்டுப் படம்கூடத் தெரிந்தது. பிறகு எப்படி அழிந்தது?

நான்: பெட்டியைப் பூட்டிவிட்டு அறைக் கதவைத் திறந்து போட்டது போல ஆகிவிட்டது பெரியப்பா. பெட்டிக்குள் யாரும் கை வைக்க முடியாது, ஆனால் பெட்டியையே தூக்கிக்கொண்டு போகலாம். நம் கணினியில் ஓடும் லினக்ஸில் ஒரு கோப்பைத் திருத்தலாமா என்பதைக் கோப்பின் அனுமதி சொல்லும். அழிக்கலாமா என்பதை அது இருக்கும் ஃபோல்டரின் அனுமதிதான் சொல்லும். ஃபோல்டரில் எழுதும் உரிமை உள்ளவர் அதிலிருந்து எந்தப் பெயரையும் நீக்கலாம்.

நான்: அந்தக் கதவைத் திறந்து போட்டவன் நான்தான். பொங்கலுக்கு வந்தபோது யாருக்கும் எதுவும் திறக்கவில்லை என்றீர்கள். அவசரத்தில் பொது ஃபோல்டருக்கு 777 கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். கதிரைக் கோபிக்க வேண்டாம்.

கதிர்: 777 என்றால் என்ன அண்ணா?

நான்: படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டினால் 7. ஃபோல்டருக்கு 'இயக்க' என்பது உள்ளே நுழைய என்று பொருள். முதல் எண் உரிமையாளருக்கு, இரண்டாவது குழுவுக்கு, மூன்றாவது மற்ற எல்லாருக்கும். மூன்றும் 7 என்றால் கணினியில் பயனர் பெயர் வைத்திருக்கும் எவரும் எதையும் செய்யலாம். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் 1969-இல் பெல் ஆய்வகத்தில் தொடங்கியது. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட இடத்தில் வளர்ந்த முறை இது. நம் வீடும் அப்படித்தானே?

சித்தி: அதற்காக வீட்டுப் பிள்ளைக்கே பூட்டுப் போடுவதா? கேட்கவே சங்கடமாக இருக்கிறது.

நான்: அவனை நம்பாமல் இல்லை சித்தி. கை தவறுவது எனக்கும் நடக்கும். பாலைக் கொதிக்க வைத்தால் பிள்ளைகளுக்கு எட்டாமல் உள்ளே தள்ளி வைப்பீர்களே, அதே அக்கறைதான்.

பெரியப்பா: செய்யப்பா. எனக்கு எழுத வேண்டும், உன் சித்தி தட்டச்சு செய்ய வேண்டும். அது போதும்.

நான் (8.35): இங்கிருந்தபடியே கணினிக்குள் வந்து மாற்றிவிட்டேன். 'கோயில்' என்று ஒரு குழு, அதில் நீங்கள் இருவர் மட்டும். ஃபோல்டருக்கு 2770. முன்னால் உள்ள 2 முக்கியம், அது எழுதும் 2 அல்ல, தனிக் குறி. உள்ளே புதிதாக உருவாகும் கோப்பு தானாகவே கோயில் குழுவுக்குச் சேரும். அது இல்லையென்றால் பெரியப்பா உருவாக்கும் கோப்பு அவர் மட்டுமே உள்ள சொந்தக் குழுவிலேயே நிற்கும், சித்தியால் திருத்த முடியாது. பழைய கோப்புக்கு இது பொருந்தாது. வேறு இடத்திலிருந்து நகர்த்தி வந்தால் பழைய குழுவோடுதான் வரும். அதனால் வரிக் கணக்கைத் தனியே மாற்றினேன்.

சித்தி (8.41): 'அனுமதி இல்லை' என்கிறது. என்னைச் சேர்த்தாயா?

நான்: சேர்த்துவிட்டேன். முழுவதும் வெளியேறி மறுபடி நுழையுங்கள். குழுப் பட்டியலை உள்ளே நுழையும்போதுதான் கணினி பார்க்கும்.

சித்தி (8.46): திறந்துவிட்டது. ஒரு வரி எழுதிச் சேமித்தும் பார்த்தேன்.

நான்: கதிர், ஒருவரைக் குழுவில் சேர்க்கும் கட்டளையை நீயும் ஒருநாள் எழுதுவாய். யூசர்மாட் கட்டளையில் பெரிய ஜி-யோடு சின்ன ஏ கட்டாயம் வேண்டும். அதை விட்டால் அவருடைய சொந்தக் குழுவைத் தவிர, அவர் இருந்த மற்ற குழுக்களிலிருந்தெல்லாம் பெயர் போய்விடும். நிர்வாகியே தன் பெயரில் இப்படிச் செய்தால் நிர்வாக உரிமையையும் இழப்பார்.

கதிர்: படங்களை எங்கே போடுவது?

நான்: படங்களுக்கு 3770, குழு 'வீடு', அதில் எல்லாரும். யாரும் படம் சேர்க்கலாம், ஆனால் ஒருவர் போட்டதை இன்னொருவர் அழிக்க முடியாது. 3 என்பது 2-உம் 1-உம். அந்த 1-தான் காவல். லினக்ஸே தற்காலிகக் கோப்புகளுக்காக எல்லாரும் எழுதும் டெம்ப் ஃபோல்டருக்கு 1777 வைத்திருக்கிறது.

கதிர்: பெரியப்பா போட்ட ஒரு படத்தை அழித்துப் பார்த்தேன். மறுத்துவிட்டது!

சித்தி: என் சீட்டுக் கணக்கு என் பெயரில் உள்ள ஃபோல்டரில் இருக்கிறதே, அதை யாரும் பார்ப்பார்களா?

நான்: இதுவரை பார்க்க முடிந்திருக்கும். நம் லினக்ஸ் வகையான உபுண்டுவில் 21.04 பதிப்பிலிருந்துதான் புதிய பயனர் ஃபோல்டர்களை மற்றவர்களுக்கு மூடி வைக்கிறார்கள். உங்களுடையது அதற்கு முன் உருவாக்கியது, 755-இல் இருந்தது. இன்று 750 ஆக்கினேன். ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். நிர்வாகி உரிமை என்னிடம் இருப்பதால் நான் பார்க்க நினைத்தால் முடியும். வேண்டாமென்றால் அந்தக் கோப்புக்குக் கடவுச்சொல் போட்டுத் தருகிறேன், சொல் உங்களுக்கு மட்டும் தெரியட்டும்.

சித்தி: போட்டுக் கொடு கண்ணா.

பெரியப்பா: பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வைக்கட்டுமா?

நான்: கட்டாயம் எடுங்கள். ஆனால் நம் பென் டிரைவ் விண்டோஸ் முறையில் உள்ளது. இந்த அனுமதிகள் எதுவும் அதில் ஏறாது, கையில் எடுப்பவர் படிக்கலாம். பீரோவில் வையுங்கள்.

பெரியப்பா (9.10): சரி. உன் சித்தி உட்கார்ந்துவிட்டாள். பாக்கி 9 பேரை நான் படிக்கிறேன், அவள் ஏற்றுகிறாள். கதிர், மேசைமேல் இருக்கும் ரசீதுக் கட்டை எடுத்து வா.