டர்போ ஸ்னோமொபைல்: பிஸ்டன் போவது இறக்கத்தில்தான்

வயோமிங்கின் டோக்வோட்டி கணவாய் 2,944 மீட்டர் உயரம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரெவல்ஸ்டோக் ஊர் 480 மீட்டர்தான். ஒரே டர்போ ஸ்னோமொபைலை (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ வைத்த பனி வண்டி) இரண்டு இடத்திலும் ஓட்டுகிறவர்கள் பூஸ்ட் கேஜை, அதாவது டர்போ கூட்டும் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரை, அப்படியே நம்பக் கூடாது. வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்பதை மட்டும்தான் அது காட்டும். இன்ஜினுக்குக் கணக்கு மொத்த அழுத்தம்.

வெளிக்காற்று ரெவல்ஸ்டோக்கில் ஏறத்தாழ 13.9 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு), டோக்வோட்டியில் 10.2. பூஸ்ட்டுக்கு வரம்பு போடும் வேஸ்ட்கேட் ஸ்பிரிங் 6 பிஎஸ்ஐ என்றால் கீழே மொத்தம் 19.9, மேலே 16.2. கேஜ் இரண்டு இடத்திலும் 6 என்றே காட்டும், ஆனால் மேலே ஐந்தில் ஒரு பங்கு அழுத்தம் போயிருக்கும். அதை ஈடுகட்ட மேலே பூஸ்ட்டை 9.7 ஆக்குவார்கள். அதுவரை சரி. அதே செட்டிங்கோடு கீழே வந்து திராட்டிலை முழுசாகத் திறந்தால் மொத்தம் 23.6! 91 ஆக்டேன் பெட்ரோலில் நாக்கிங் (பெட்ரோல் கலவை நேரம் தவறி வெடிப்பது) பிடித்து பிஸ்டன் ஓரம் அரிக்க நிறைய நேரம் எடுக்காது. கைமுறை பூஸ்ட் கண்ட்ரோலர் வைத்திருந்தால், வண்டியை டிரெய்லரில் ஏற்றும்போதே குறைத்துவிடுங்கள்.

*

இதோடு சூட்டையும் சேருங்கள். மைனஸ் 10 டிகிரி காற்றைக் கீழே 19.9-க்கு அழுத்தினால் சுமார் 40 டிகிரி ஏறும். மேலே அதே 19.9-க்கு, டர்போ இரண்டு மடங்கு வரை அழுத்த வேண்டியிருப்பதால், 80 டிகிரி வரை ஏறும். இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) இல்லாத டர்போ கிட்டில் 70 டிகிரி காற்று நேராக சிலிண்டருக்குள் போகும். அதனால் மேலே முழு ஈடு கேட்காமல் ஒரு பிஎஸ்ஐ விட்டுக்கொடுப்பதே புத்திசாலித்தனம்.

பொடிப்பனி ஏர் ஃபில்டரை அடைத்தாலும் இதே கதைதான். டர்போ இழுக்கும் இடத்தில் அழுத்தம் குறையும், வண்டி இன்னும் உயரத்தில் இருப்பதுபோல் டர்போ கூடுதலாகச் சுழலும். பவர் குறைந்தால் பூஸ்ட்டை ஏற்றுவதற்கு முன் பனியைத் தட்டிவிடுங்கள்.

*

பெட்ரோல் பக்கம்: இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் ரெயிலின் அழுத்தம் பூஸ்ட்டோடு ஒன்றுக்கு ஒன்று ஏற வேண்டும். அடிப்படை 43.5 பிஎஸ்ஐ என்றால், 10 பூஸ்ட்டில் 53.5 காட்ட வேண்டும். பாதித் திராட்டிலில் நன்றாக ஓடி, முழுத் திராட்டிலில் மட்டும் லீன் ஆகி (பெட்ரோல் குறைந்து) எக்ஸாஸ்ட் சூடு சட்டென்று எகிறினால், மேப்பில் (பெட்ரோல் அளவு அட்டவணையில்) கைவைக்காதீர்கள். பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்குப் போகும் மெல்லிய ரப்பர் ஹோஸை முதலில் பாருங்கள். குளிரில் விறைத்து, முனையில் மயிரிழை அளவு வெடித்திருக்கும். அதிலும் சரியென்றால்தான் பம்ப்.

குளிரையும் மறக்க வேண்டாம். மைனஸ் 5-இல் செட் செய்த மேப், மைனஸ் 20-இல் 6 சதவீதம் அடர்ந்த காற்றைப் பார்க்கும். கண்ட்ரோல் பாக்ஸ் காற்றின் சூட்டை அளக்காத வகை என்றால் காலையில் கொஞ்சம் ரிச்சாகவே (பெட்ரோல் கூடுதலாகவே) வையுங்கள்.

*

கிளட்ச் கடைசியில். பூஸ்ட் மொத்த அழுத்தப்படி சரியாகாமல் இன்ஜின் ஆர்பிஎம்மைக் கட்டுப்படுத்தும் கிளட்ச் வெயிட்டை மாற்றுவது வீண் வேலை. சரியான பின், ஆழமான பனியில், ஏற்றத்தில், பெல்ட் சூடான நிலையில், பத்து வினாடி முழுத் திராட்டிலில் ஆர்பிஎம் பாருங்கள். இறுகிய பாதையில் பார்ப்பது கணக்கில் வராது, லோடே இருக்காது. இலக்கைத் தாண்டினால் வெயிட் கூட்டுங்கள், எட்டவில்லை என்றால் குறையுங்கள். ஸ்கீ-டூவில் கிளிக்கர் (கிளட்சில் உள்ள, எண் போட்ட திருகு) ஒரு எண்ணுக்கு ஏறத்தாழ 200 ஆர்பிஎம் நகர்த்தும், வெயிட்டைத் தொடாமலே பாதி வேலை முடியும்.

2020 மாடலில் வந்த ஸ்கீ-டூ 850 ஈ-டெக் டர்போ 8,000 அடி வரை 165 குதிரைத்திறனைத் தானே பிடித்துக்கொள்ளும். அதில் மேலே சொன்ன பூஸ்ட் வேலை எதுவும் தேவையில்லை. ஃபில்டர், பெல்ட், நல்ல பெட்ரோல், அவ்வளவுதான்.