ஒப்பாரியை எழுதி வைக்க உதவி வேண்டும்

வணக்கம். எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம். போன மாதம் அப்பத்தா தவறிவிட்டார். நீர்மாலை எடுத்து, பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்து, குறையில்லாமல் அனுப்பி வைத்தோம். பிறந்த வீட்டுக் கோடித் துணி வந்தபோது பெரியத்தை கட்டிப்பிடித்து அழுத ஒப்பாரிதான் இன்னும் காதிலேயே நிற்கிறது. அப்பத்தா வாக்கப்பட்டு வந்தது, பஞ்சத்தில் தாலியை அடகு வைத்தது, தாத்தா போன பிறகு பட்ட பாடு எல்லாம் அதில் இருந்தது. எங்கள் யாருக்குமே தெரியாத சங்கதிகள்.

யாரோ போனில் பதிந்திருக்கிறார்கள். ஆனால் கொட்டுச் சத்தத்தில் பாதி வரிகள் கேட்கவில்லை. திரும்பப் பாடச் சொல்லிக் கேட்டால், "சாவு விழாத வீட்டுல ஒப்பாரி வைக்கக் கூடாதுடா" என்கிறார் அத்தை. அந்த நம்பிக்கையை மீற எனக்கும் மனமில்லை. இறந்தவரை நினைத்து வருந்திப் பாடிய புறநானூற்றுக் கையறுநிலைப் பாட்டுகளை இன்றும் படிக்க முடிகிறது, யாரோ எழுதி வைத்ததால்தானே? அத்தைக்கு வயது 78.

ஒப்பாரி சேகரித்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: வீட்டை விட்டு, கண்மாய்க்கரை, தோப்பு மாதிரி இடத்தில் பாடச் சொல்லலாமா? ராகம் இல்லாமல் வரிகளை மட்டும் சொல்லக் கேட்டால் சம்மதிப்பார்களா? அழுகையைக் கிளறி அவரை நோகடித்துவிடக் கூடாது, அதுதான் என் பயம். இரைச்சலைக் குறைத்துக் குரலை மட்டும் தெளிவாக்கித் தரத் தெரிந்தவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள், ஒலிப்பதிவை அனுப்புகிறேன்.