மறு: உலோகம் ஏறிப்போன மண்ணுல போடற தாவரப் பொருளுக்கு என்ன பேர் வைக்கலாம்?

அண்ணா, வணக்கம்.

காட்மியம், ஈயம் மாதிரி உலோகம் பயிருக்குள்ள ஏறாம இருக்க மண்ணுல போடற உயிர்க்கரி (செடிக்கழிவைக் காத்து அதிகம் விடாமச் சுட்டெடுக்கற கரி), மட்கு மாதிரி செடிகொடியிலிருந்து வர்ற பொருளுக்கெல்லாம் சேர்த்து நீங்க சொன்ன 'நச்சுமுறிப்பி' கேட்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு மனசு ஒப்பல. முறிக்கறதுன்னா நஞ்சு இல்லாமப் போகணும். பூச்சிமருந்து எச்சமா இருந்தா நுண்ணுயிர் அதைச் சிதைச்சு வேற பொருளாக்கிடலாம், காட்மியமும் ஈயமும் தனிமம், மண்ணுல இருக்கற எதாலயும் அதைச் சிதைக்க முடியாது, கரி போட்டாலும் அதே மண்ணுலதான் கிடக்கும். நடக்கறது என்னன்னா கரியோட மேற்பரப்புல இருக்கற கார்பாக்சில்ங்கற அமிலத் தொகுதிங்க உலோக அயனியைப் பிடிச்சுக்குது, கூடவே உயிர்க்கரி பெரும்பாலும் காரத்தன்மையா இருக்கறதால மண்ணோட பிஎச் (அமில-கார அளவு) ஏறி உலோகம் கரையாத சேர்மமாப் படிஞ்சிடுது, அதனால வேர் உறிஞ்சற நீர்ல அதோட அளவு குறையுது. பின்னாடி மண்ணு மறுபடி அமிலமாச்சுன்னா காட்மியம் திரும்ப வெளிய வந்துடலாம். 'முறிப்பி'ன்னு படிக்கறவர் மண்ணு சுத்தமாயிடுச்சுன்னு நம்பி எதையும் விளைவிச்சுச் சாப்பிடுவாரு, அதுதான் எனக்குப் பயம்.

'உரம்'னு முடியறதும் வேண்டாம். பழந்தமிழ்ல உரம்னா வலிமை, அந்த அர்த்தத்துல பொருந்தும்தான், ஆனா இன்னிக்கு உரம்னா பயிருக்குச் சத்து. 'தழை'ன்னு தொடங்கலாம்னா தழைச்சத்து ஏற்கனவே நைட்ரஜனுக்குப் போயிடுச்சு. உலோகத்தைக் கொடுக்கு மாதிரி கவ்விப் பிடிக்கற பொருள்ங்கற அர்த்தத்துல 'கொடுக்கிணைப்பி'ன்னு ஒருத்தர் எழுதியிருந்தார், அது இன்னும் ஆபத்து. அந்த வகையைச் சேர்ந்த இடிடிஏங்கற வேதிப்பொருளை மண்ணுல ஊத்தினா அதுவும் ஈயத்தைப் பிடிக்கும், ஆனா கரைஞ்ச நிலையிலயே வச்சிருக்கும், செடிக்குள்ள ஈயம் கூடுதலாத்தான் ஏறும். நமக்கு வேண்டியது அதுக்கு நேர் எதிர்.

என் பரிந்துரை 'தளைப்பி'. தளைன்னா விலங்கு, ஆள் உள்ளதான் இருக்கான், நடமாட முடியல, அவ்வளவுதான். சித்த மருத்துவத்துல பாதரசத்தைக் கட்டறதுன்னு சொல்வாங்களே, அதை வச்சு 'கட்டி'ன்னுதான் முதல்ல யோசிச்சேன், மண்ணோட சேர்த்தா 'மண்கட்டி' ஆயிடுது, விட்டுட்டேன்.

ஒண்ணு மட்டும் கவனமா இருக்கணும். ஆர்செனிக் மண்ணுல பெரும்பாலும் ஆக்சிஜனோட சேர்ந்து எதிர்மின் அயனியா இருக்கும், பிஎச் ஏறினா ஒட்டிக்கிட்டிருந்த இடத்தை விட்டு அவிழ்ந்து வரும், அதாவது காட்மியத்தைக் கட்டற அதே கரி ஆர்செனிக்கை விடுவிச்சிடலாம். அதனால மொட்டையா எழுதாம 'காட்மியத் தளைப்பி', 'ஈயத் தளைப்பி'ன்னு உலோகத்தைச் சேர்த்தே எழுதணும். பொதுவாச் சொல்லணும்னா 'தாவரத் தளைப்பி'.

---

தம்பி,

முறிப்பியை நான் விட்டுடறேன், நீங்க சொல்ற காரணம் சரி. தளைப்பி எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா 'காட்மியத் தளைப்பி' காட்மியத்தைக் கட்டும்னா 'தாவரத் தளைப்பி' தாவரத்தைக் கட்டும்னுல்ல வரும்? களைக்கொல்லின்னு நினைச்சுக்கப் போறாங்க. 'தாவரவழித் தளைப்பி'ன்னு ஒரு சொல் கூட்டிக்கலாம், கொஞ்சம் நீளம், பரவாயில்ல. சுண்ணாம்பு மாதிரி இருக்கறதைக் 'கனிமவழி'ன்னு பிரிக்கவும் வசதியா இருக்கும்.

முருங்கை இலைச்சாறு மாதிரி பயிர் மேல தெளிக்கறதை இதுல சேர்க்காதீங்க. அது மண்ணுல எதையும் கட்டறதில்ல, செடியோட சொந்த எதிர்ப்பைத் தூண்டத்தான் தெளிக்கறாங்க. 'தூண்டி'ன்னு முடியற மாதிரி ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன், அதைத் தனி இழையில பேசுவோம்.