காலப் பயணக் கதைகள்: தமிழில் எவை இருக்கின்றன?

வணக்கம். பாளையங்கோட்டையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடிப் புத்தகம் பேசுவோம். அடுத்த முறை காலப் பயணம் பற்றி நான் பேச வேண்டும்.

1895-இல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் எழுதிய 'தி டைம் மெஷின்' நாவலில் பயணி கி.பி. 802701-க்கே போய்விடுகிறார், கடந்த காலத்தை மாற்றும் சிக்கல் அங்கே பெரிதாக இல்லை. அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரியின் 1952 சிறுகதையிலோ கடந்த காலத்தில் ஒரு பட்டாம்பூச்சி மிதிபட்டதும் தேர்தல் முடிவே மாறிவிடுகிறது. இன்னொரு அமெரிக்க எழுத்தாளரான ஹைன்லைனின் கதைகள் நேர் எதிர். என்ன செய்தாலும் அது ஏற்கெனவே நடந்ததுதான்.

என்னை உலுக்கியது ஆக்டேவியா பட்லரின் 'கிண்ட்ரெட்' (1979). இயந்திரமே கிடையாது. 1976-இல் வாழும் கறுப்பினப் பெண் அடிமை முறைக் காலத்துக்குத் திரும்பத் திரும்ப இழுக்கப்படுகிறாள். தான் பிறக்க வேண்டுமென்றால், தன் மூதாதையான வெள்ளைக்காரனை அவளே காப்பாற்ற வேண்டும்! இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை.

ஆதிச்சநல்லூரின் பழங்கால முதுமக்கள் தாழிகளைப் பார்த்து வந்ததிலிருந்து, நம் தாமிரபரணிக் கரையில் ஒருவர் அப்படிப் பின்னால் போனால் என்று அதே யோசனைதான்.

தமிழில் இப்படி, கடந்த காலத்தை மாற்றவே முடியாது என்று வைத்து எழுதிய சிறுகதைகள் தெரிந்தால் சொல்லுங்கள். எந்தத் தொகுப்பில் இருக்கிறது என்றும் சொன்னால் நல்லது. நெல்லைப் பக்கம் யாரிடமாவது புத்தகம் இருந்தால் நானே வந்து வாங்கி, பத்து நாளில் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.