லாரி நம்முடையது இல்லை, பொறுப்பு? – அமெரிக்க லோடு வேலையில் இருப்பவர்கள் அனுபவம்

அமெரிக்க ஃப்ரெய்ட் புரோக்கர் கம்பெனி ஒன்றுக்காகக் கோவையில் நைட் ஷிஃப்டில் டிராக்கிங் (லாரி எங்கே வருகிறது என்று கண்காணிப்பது) பார்க்கிறேன். கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு லாரிகூடக் கிடையாது. சரக்கு அனுப்புகிறவரிடம் லோடு பிடித்து, லாரிக்காரரிடம் கொடுத்து, இடையில் கமிஷன் பார்ப்பதுதான் தொழில். "டிரைவர் நம்ம ஆளே இல்லை, ஆக்சிடென்ட் ஆனால் நமக்கென்ன?" என்று எங்கள் ஃப்ளோரில் சாதாரணமாகப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

போன குளிர்காலத்தில் ஒரு ராத்திரி. நெப்ராஸ்காவில் ஐ-80 ஓரம் ஒரு டிரக் ஸ்டாப்பில் நின்றிருந்த டிரைவரைக் கூப்பிட்டேன். ரீஃபர் (குளிர்சாதன) லோடு, காலை 6 மணிக்குச் சிகாகோ பக்கம் இறக்கியாக வேண்டும். சரக்கு அனுப்புகிற ஷிப்பரிடமே ஏற்றுவதற்குத் தாமதமாகி, வழியில் பனியும் சேர்ந்துகொண்டது. "11 மணி நேரம் ஓட்டி முடித்துவிட்டேன். இனி 10 மணி நேரம் ஓய்வெடுத்தால்தான் வண்டியை எடுக்க முடியும்" என்றார். பின்னால் ரீஃபர் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. சாட்டில் சேல்ஸ்காரர், "லேட்டானால் ஃபைன் என்று சொல்லு, கிளம்பிவிடுவான்" என்று எழுதினார். நான் சொல்லவில்லை. டிரைவரைத் தூங்கச் சொல்லிவிட்டு, ரிசீவருக்கு மெயில் போட்டு நேரத்தை மாற்றி வாங்கினேன். முணுமுணுத்தார்கள், ஆனால் கொடுத்தார்கள்.

அந்த ஒரு வரியை ஏன் சொல்லக் கூடாது என்பதற்கு ஒரு வழக்கே இருக்கிறது. 2004 ஏப்ரலில் இல்லினாய் மாநிலத்தில், ஐ-55 நெடுஞ்சாலையில், உருளைக்கிழங்கு லோடோடு வந்த லாரி முன்னால் நின்ற வண்டிகள்மீது மோதியது. இரண்டு பேர் இறந்தார்கள், ஒருவருக்குப் படுகாயம். அந்த லோடுக்குப் புரோக்கர் சி.எச்.ராபின்சன் என்ற கம்பெனி. டிரைவர் அவர்களுடைய ஊழியர் இல்லை. ஆனால் தினமும் போனில் இருப்பிடம் கேட்டது, சரக்கின் வெப்பநிலையைப் பார்க்கச் சொன்னது, தாமதித்தால் அபராதம் என்றது எல்லாம் சேர்ந்து, டிரைவர் இவர்களுக்காக வேலை செய்தவர்தான் என்று ஜூரியை முடிவெடுக்க வைத்தது. நஷ்டஈடு 2.3 கோடி டாலருக்கு மேல். 2011-இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது.

இந்தத் தீர்ப்பு வந்த பிறகு புரோக்கர்கள் பக்கம் வார்த்தைகள் மாறின. "வந்தே ஆக வேண்டும்" என்ற இடத்தில் "எப்போது வருவீர்கள் என்று தெரிவிக்கவும்" வந்தது. ஆனால் நெருக்கடி அப்படியேதான் இருக்கிறது. அதில்தான் எனக்குக் கோபம்.

அடிபட்டவர்கள் ஏன் புரோக்கரைத் தேடி வருகிறார்கள்? சாதாரண சரக்கு ஏற்றும் லாரிக்குக் கட்டாயக் காப்பீடு 7,50,000 டாலர்தான். 1980-களில் வைத்த தொகை, இன்னும் ஏற்றவில்லை. முதுகெலும்பு உடைந்த ஒருவருக்கு ஆயுள் முழுக்க ஆகும் செலவுக்கு அது எந்த மூலைக்கு?

பதில்:

அண்ணா, நான் சென்னையில் கேரியர் ஆன்போர்டிங், அதாவது லாரி கம்பெனிகளைச் சரிபார்த்துச் சேர்க்கும் வேலை பார்க்கிறேன். உங்கள் பக்கம் போன் என்றால், எங்கள் பக்கம் "இந்த லாரிக்காரரை ஏன் தேர்ந்தெடுத்தாய்?" என்ற கேள்வி. புரோக்கர்களின் விலை, வழித்தடம், சேவை விஷயத்தில் மாநிலங்கள் தலையிட 1994 அமெரிக்க மத்திய சட்டம் தடை போடுகிறது. ஆனால் வாகனப் பாதுகாப்புக்கு அதிலேயே விலக்கு உண்டு. லாரிக்காரரைச் சரியாகப் பார்க்காமல் லோடு கொடுத்தார்கள் என்ற வழக்கு அந்த விலக்கில் வரும் என்று 2020-இல் ஒன்பதாவது சர்க்யூட் (மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம்) சொன்னது, வராது என்று 2023-இல் ஏழாவது சர்க்யூட் சொன்னது. 2025 அக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே இதே கேள்வி உள்ள ஒரு வழக்கை எடுத்துக்கொண்டது.

வழக்கு நம்மேல் வருமோ என்ற பயம் எங்கள் மேஜையில் இறங்குகிறது. பெரும்பாலான சின்ன கேரியர்களுக்கு அரசாங்கத்தின் பாதுகாப்பு ரேட்டிங்கே கிடையாது. அதனால் புதிதாகப் பெர்மிட் எடுத்தவரைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடச் சொல்கிறார்கள். போன மாதம் ஒரு விண்ணப்பத்தில் முகவரியும் போன் நம்பரும், ஏற்கெனவே மூடப்பட்ட ஒரு கம்பெனியினுடையவை. பெயர் மட்டும் புதிது. அதை நிறுத்தியது சரிதான். ஆனால் அதே வாரம், சொந்தக் காசில் ஒரே லாரி வாங்கி, விபத்தே இல்லாமல் ஓட்டுபவரையும் "ஆறு மாதம் ஆகவில்லை" என்று திருப்பி அனுப்பினோம். அவர் மாதத் தவணையை எப்படிக் கட்டுவார்?

உங்கள் கம்பெனிகளில் இப்படிப்பட்டவர்களுக்கு இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டைப் பார்த்து விலக்கு கொடுக்கிறார்களா? கொடுத்தால் என்னென்ன பார்க்கிறீர்கள் என்று எழுதுங்கள், என் மேனேஜரிடம் காட்ட வேண்டும்.